போகிக்குள் வீட்டுக்கு

மகளைப் பார்க்க டொராண்டோ போய் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம், நானும் என் மனைவியும். போன கதையில் ஒன்றும் இல்லை. சென்னையில் ஏறினோம், தூங்கினோம், இறங்கினோம். திரும்பி வந்ததுதான் கதை. 19 மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் 53 மணி நேரம் இழுத்தது. வழியில் போனில் தட்டி வைத்ததை நாள்வாரியாகப் பிரித்து, கொஞ்சம் சரிசெய்து போடுகிறேன். கோபத்தில் எழுதிய சில வரிகளை வெட்டிவிட்டேன், சிலதை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஸ்காபரோ

காலையில் எழுந்து திரையை விலக்கினால் எதிர்வீட்டுக் காரைக் காணோம். கார் அங்கேதான் இருக்கிறது, மேலே ஒரு முழம் பனி. மாப்பிள்ளை நாலு மணிக்கே எழுந்து வாசலில் மண்வெட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளி முடித்து உப்பு தூவிவிட்டு உள்ளே வந்து டீ குடிப்பதற்குள் தள்ளிய இடம் மறுபடி வெள்ளை. ராத்திரி வரைக்கும் இப்படித்தானாம்.

சென்னையில் இருக்கும் தன் அம்மாவுக்கு, அதாவது என் மாமியாருக்கு, போன் போட்டாள் மனைவி. "பனி கொட்டுதும்மா, ஃபிளைட்டு லேட்டாகும்போல." அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது: "காதை நல்லா மூடிக்கோ. பொழுது சாஞ்சப்புறம் மொட்டை மாடிக்குப் போகாத." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கு மார்கழியில் புல்லில் நிற்பதும் பனிதான், இமயமலையில் கிடப்பதும் பனிதான், ஃபிரீசரில் படிவதைக்கூட அப்படித்தான் சொல்கிறோம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று சொன்ன ஊர்க்காரர்கள் மைனஸ் ஒன்பதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

கணக்கு இதுதான். இன்று சாயந்திரம் ஆறரைக்கு இங்கே ஏறினால் நாளை காலை ஃபிராங்க்ஃபர்ட், அங்கே மாறி நாளை நள்ளிரவு சென்னை. 13-ஆம் தேதி முழுதும் வீட்டைத் துடைத்து, பழையதை ஒதுக்கி, 14 போகி, 15 பொங்கல். மனைவிக்கு இந்தக் கணக்கில் அரை நாள்கூடக் குறையக் கூடாது. மாமியாருக்கு 81 வயது, தனியாகப் பானை வைக்கிறேன் என்று கிளம்பிவிடுவார்.

401 நெடுஞ்சாலையில் வழக்கமாக நாற்பது நிமிடம் ஆகும் தூரம் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரி கிலியாக இருந்தது, நம் கோயம்பேட்டில் இப்படி அமைதியாக ஒரு கூட்டம் நின்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

அதே நாள் இரவு, பியர்சன் விமான நிலையம்

விமானக் கம்பெனியின் செயலி ஆறு நாற்பது வரைக்கும் "சரியான நேரம்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. புறப்பட வேண்டிய நேரம் பத்து நிமிடம் தாண்டிய பிறகும் சரியான நேரம்! கதவருகே நின்ற பெண்ணிடம் கேட்டால், எனக்கும் அதே செயலிதான் சார் என்கிற மாதிரி சிரிக்கிறாள். தலைக்கு 15 டாலர் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு சாண்ட்விச் 14 டாலர். மிச்ச ஒரு டாலருக்கு ஒன்றும் வராது, திருப்பியும் தர மாட்டார்கள். டிம் ஹார்ட்டன்ஸ் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று காபி வாங்கினேன். இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை போட்டதற்கு "டபுள் டபுள்" என்று பெயர். ருசி நம் கல்யாணவீட்டு மூன்றாம் பந்திக் காபி மாதிரி இருந்தாலும் கைக்குச் சூடாக இருந்தது.

எட்டு மணிக்கு ஏற்றினார்கள். எங்கள் இருக்கை இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஜன்னல் எனக்கு, நடுவில் மனைவி, ஓரத்தில் நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. வளசரவாக்கத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கச் சென்னைதான் வருகிறாராம். உட்கார்ந்ததும், "என்ன ஐயா, இதுதான் முதல் தரமோ ஸ்நோவுக்க பிளேன் ஏறுறது?" என்றார். ஆமாம் என்றேன். "பயப்பிடாதேங்கோ. இனி எங்களைக் குளிக்க வார்ப்பினம்."

அவர் மூன்று குளிர்காலம் அந்தக் குளியல் லாரியிலேயே வேலை பார்த்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எட்டரைக்குக் கதவு மூடியது. விமானம் நகர்ந்து போய் ஒரு வரிசையில் நின்றது. ஓடுபாதைக்கு முன்னால், விமானத்தில் ஒட்டிய பனியைக் கழுவுவதற்கென்றே தனி மைதானம் வைத்திருக்கிறார்கள், ஆறு பெரிய தடங்கள், உலகத்தில் இந்த வேலைக்கு இருக்கிற மிகப் பெரிய இடங்களில் ஒன்று. ஆனாலும் வரிசை. முன்னால் எத்தனை வால்கள் என்று எண்ணினேன், பனியில் ஏழுக்கு மேல் தெரியவில்லை. ஒன்பதரைக்கு எங்கள் முறை வந்தது.

இங்கே நான் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 34 வருடம் வேலை, அதில் பெரும்பகுதி பெயிண்ட் ஷாப். ரயில்பெட்டிக்குப் பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து வெளியே அனுப்புகிற இடம். அதனால் மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வேலையை மேற்பார்வை பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

யானைத் துதிக்கை மாதிரி நீண்ட கை, அதன் நுனியில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு ஆள். அப்படி லாரிகள் இரண்டு பக்கமும் வந்து நின்றன. காப்டன், இனி சிறிது நேரம் ஏசி காற்று வராது, ஏதாவது வாசனை வந்தால் பயப்பட வேண்டாம் என்றார். முதலில் அடித்தது ஆரஞ்சு நிறத் திரவம். 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிய கிளைக்காலும் தண்ணீரும், கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டுக்குப் பங்காளி. ஆவி பறக்க இறக்கை நுனியிலிருந்து உடம்பை நோக்கி, முன் விளிம்பிலிருந்து பின்னுக்கு, ஒரு இடம் விடாமல். அடிக்கிற கையில் அவசரம் இல்லை. எங்கள் ஷாப்பில் இப்படிக் கை உள்ள ஆட்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். எஞ்சின் வாய்க்குள்ளோ காக்பிட் கண்ணாடியிலோ நேராக அடிக்கவே இல்லை.

வாசனை வந்தது. குலாப்ஜாமூன் ஜீரா கொஞ்சம் தீய்ந்த மாதிரி. இந்த ஊர்க்காரர்கள் மேப்பிள் சிரப் மாதிரி என்பார்களாம். ஆனால் வாயில் வைக்கிற சமாச்சாரம் இல்லை, கிளைக்காலில் சில வகை நல்ல விஷம். கீழே வழிவதை வீணாக்காமல் சேர்த்து வைத்துச் சுத்திகரிக்கிறார்கள்.

ஆரஞ்சு முடிந்ததும் பச்சை. இது சூடாக்காதது, கூழ் மாதிரி கெட்டி. ஆரஞ்சு, ஒட்டியிருப்பதைக் கழுவ. பச்சை, புதிதாக விழுவது ஒட்டாமலிருக்க. விமானம் வேகமெடுத்து ஓடும்போது காற்றே அதை வழித்துத் தள்ளிவிடுமாம். நிறம் எதற்கு என்று தம்பியைக் கேட்டேன். "எங்க அடிச்சது, எங்க அடிக்கேல்லை எண்டு தெரியவேணுமே ஐயா." அதேதான்! நாங்களும் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நிறம் மாற்றுவது அதற்குத்தான். கண்டத்துக்குக் கண்டம் தொழில் ஒன்றுதான் போல.

"ஸ்நோ விழுறது பிரச்சினையில்லை. செட்டையில ஒட்டினால்தான் பிரச்சினை" என்றார்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "யாருங்க சேட்டை பண்றது?"

செட்டை என்றால் அவர்கள் தமிழில் இறக்கை. சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. நல்லவேளை சிரித்துவிட்டோம், அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை.

பச்சை அடித்த பிறகு ஒரு கெடு உண்டு. கடைசிப் பூச்சு அடிக்க ஆரம்பித்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். பனி எவ்வளவு வேகமாக விழுகிறது, என்ன வகை, குளிர் எவ்வளவு என்று பார்த்து ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். வெறும் ஆரஞ்சு மட்டும் என்றால் கொட்டுகிற பனியில் சில நிமிடங்கள்தான் தாங்கும், பச்சை என்றால் அரை மணி, ஒரு மணி. எங்களுக்கு இது புதிதில்லை. இரண்டு டப்பா பெயிண்டைக் கலந்துவிட்டால் இத்தனை மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், அதை பாட் லைஃப் என்போம். தாண்டினால் ஸ்ப்ரே கன்னே அடைத்துக்கொள்ளும், டப்பாவோடு தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஓடுபாதை முனைக்குப் போய் எங்களுக்கு முன்னால் மூன்று விமானம் என்கிற நிலையில், பனி வழிக்கும் வண்டிகளுக்காகப் பாதையை மூடினார்கள். வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்கோட்டில் போகும் மஞ்சள் விளக்குகள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதை திறந்து, முன்னால் இருந்த மூன்றும் போய், அடுத்தது நாங்கள் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. காப்டன் குரல் வந்தது. கெடு முடிந்துவிட்டது, திரும்பிப் போய் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும்.

விமானம் முழுக்க ஒரே "ச்ச". முன்வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து பணிப்பெண்ணைப் பிடித்துக் கத்தினார், அந்தப் பெண்தான் பனியை அனுப்பியது போல. நான் கத்தவில்லை. ஆனால் மனைவியிடம், "ரெண்டு நிமிஷம் தாண்டினா என்ன? இந்த ஆளுக்கு தைரியம் பத்தல" என்றேன். சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது. கதவை மூடி மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணிகளைத் தரையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று கனடாவில் விதி, இதோ கிளம்பப் போகிறோம் என்ற நிலை இருந்தால் மட்டும் இன்னும் 45 நிமிடம். அதைத் தாண்டினால் வாசலுக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் விமானிகளின் வேலை நேரமும் முடிந்துவிடும், இன்றைக்குப் பயணமே இல்லை. மறுபடி ஆரஞ்சு, மறுபடி பச்சை, மறுபடி ஜீரா வாசனை. மனைவி கந்த சஷ்டி கவசத்தை இரண்டாவது முறை ஆரம்பித்தாள். 11:40-க்குக் கிளம்பினோம். ஓடும்போது பார்த்தேன், பச்சைக் கூழ் இறக்கையின் மேல் நெளிந்து நெளிந்து பின்னால் வழிந்தது, மேலே ஏறியபோது இறக்கை சுத்தமாக இருந்தது.

ஜனவரி 12, ஃபிராங்க்ஃபர்ட்

மதியம் ஒரு மணிக்கு இறங்கினோம். சென்னை விமானம் காலையிலேயே போய்விட்டது. அடுத்தது நாளைக் காலை பத்தரை. போகிக்கு முந்தின நாள் ராத்திரி போய்ச் சேரலாம், இன்னும் கணக்கு உடையவில்லை என்றாள் மனைவி.

மாற்றுச் சீட்டு வாங்கும் வரிசையில் இரண்டரை மணி நேரம். எல்லோருக்கும் ஹோட்டல் உண்டு என்றார்கள். எல்லோருக்கும் என்றால், வெளியே போக அனுமதி உள்ள எல்லோருக்கும். எங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஐரோப்பிய விசா இல்லை, நாங்கள் கதவைத் தாண்ட முடியாது. யாழ்ப்பாணத்துத் தம்பி கனடாப் பாஸ்போர்ட், அவர் போகலாம். அவருக்கு ஹோட்டல் சீட்டு வந்தது. அதை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "நீங்க போங்க தம்பி, போய் ஒரு குளியல் போடுங்க" என்று நான்தான் தள்ளி அனுப்பினேன். அவருக்கு எங்களைவிட அதிகக் கூச்சம்.

எங்களுக்கு மடக்குக் கட்டிலும், ஒரு மெல்லிய போர்வையும், பல்துலக்கும் பையும். கட்டிலைப் பிரித்துப் போட்டுக் கொடுத்த பெரியவருக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியவில்லை. மனைவி முழங்காலைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ இன்னொரு போர்வை கொண்டுவந்து மடித்துத் தலையணை மாதிரி வைத்துவிட்டுப் போனார். கம்பெனிக்காரர்களிடம் இரண்டரை மணி நேரம் நின்று கிடைக்காத மரியாதை அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

தண்ணீர் பாட்டில் நாலு யூரோ. கிட்டத்தட்ட நானூறு ரூபாய்! அதில் 25 சென்ட் பாட்டிலுக்கு முன்பணம், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். மனைவி அந்த 25 சென்ட்டுக்காக மெஷினைத் தேடிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்தாள். கிடைத்ததா என்று கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து, மகள் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். இரண்டாம் நாள் புளியோதரை முதல் நாளைவிட நன்றாக இருக்கும் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்ததுதான், ஆனால் ஜெர்மனியில் மைனஸ் ஒன்றில் இன்னும் நன்றாக இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜெர்மன் அம்மாள், மகளோடு பாங்காக் போகிறவர். ஹோட்டல் வேண்டாம், காலையில் மறுபடி வரிசையில் நிற்க முடியாது என்று இங்கேயே படுத்துவிட்டார். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மியூனிக்கில் பனி கொட்டி விமான நிலையத்தையே மூடினார்களே, அன்றைக்கு அங்கே மாட்டிக்கொண்டவர், அதனால் இதெல்லாம் அவருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு வாய் கொடுத்தோம். கண்ணில் தண்ணீர் வர, "குட், குட்" என்றார். இன்னொரு வாய் கேட்கவில்லை.

தூக்கம் வராமல் போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. இறக்கையின் முன்விளிம்பிலும் மேல்பக்கத்திலும் நடுத்தர உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பாக உறைபனி படிந்தால் போதும், தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையலாம், காற்றின் இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். உப்புத்தாள்! 34 வருடம் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த சாமான். பார்த்தால்கூடத் தெரியாது, தடவினால்தான் தெரியும். நான் இத்தனை நாளும் பனியின் கனம்தான் விமானத்தை அமுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், விஷயம் கனத்தில் இல்லை.

அப்புறம் இன்னொன்று. 1992 மார்ச் 22, நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் நடந்த விபத்து. அந்த விமானத்தையும் இரண்டு முறை கழுவியிருக்கிறார்கள். இரண்டாவது முறை கழுவிய பிறகு வரிசையில் நின்று, சுமார் 35 நிமிடம் கழித்துப் புறப்பட்டது. மேலே எழவே முடியாமல் தண்ணீரில் போய் விழுந்தது. 51 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் இந்தக் கெடு விஷயத்தை இறுக்கிப் பிடித்தார்களாம்.

"இந்த ஆளுக்கு தைரியம் பத்தல" என்று நான் சொன்ன காப்டனின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இறங்கும்போது வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், நான் பையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன்.

ஜனவரி 13, இன்னும் ஃபிராங்க்ஃபர்ட்

காலை ஏழரைக்குத் தம்பி வந்துவிட்டார். கையில் முறுக்கு மாதிரி பின்னி உப்புத் தூவிய பிரெட்செல் ரொட்டி மூன்று, மனைவிக்குத் தயிர் ஒரு டப்பா. "அம்மாவுக்கு தயிர் இல்லாமல் ஏலாது எண்டு நேற்றே விளங்கிச்சு." ஹோட்டலில் தூங்கினீர்களா என்று கேட்டேன். கட்டில் நல்லது, ஆனால் நித்திரை வரவில்லை என்றார்.

வெளியே டொராண்டோ மாதிரி பெரும் பனி இல்லை. மழையா பனியா என்று தெரியாத ஒரு தூறல், தரையில் பட்டதும் கண்ணாடியாகிறது. இதைப் பார்த்ததும் தம்பியின் முகம் மாறிவிட்டது. "மைனஸ் இருவதில வாற ஸ்நோ பவுடர் மாதிரி, ஊதினால் போயிடும். சைபரில வாறதுதான் கள்ளன். ஒட்டினால் விடாது." உறையும் மழை கொஞ்சம் பலத்தால் எந்தப் பச்சைக் கூழுக்கும் அட்டவணையில் நேரமே கிடையாதாம். நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்தோம். பத்தரை, பன்னிரண்டாகி, ஒன்றரையாகி, மூன்றே காலுக்குக் கிளம்பியது. நடுவில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்து, மறுபடி எழுந்து அழுதது. ஒரு காபி ஐந்து யூரோ என்பதை மட்டும் சொல்லிவிட்டு அந்த ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறேன். இந்த முறை கழுவியபோது விமானத்தில் யாராவது முணுமுணுத்தார்களா என்று தெரியாது. நான் முணுமுணுக்கவில்லை, கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வால் பக்கம் ஒரு ஓரத்தை அந்த ஆள் இரண்டாவது தடவை அடித்தார், எனக்குத் திருப்தி.

மேலே போன பிறகுதான் மனைவி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். மூன்றே கால் என்றால் நம் ஊரில் ஏழே முக்கால். ஒன்பதரை மணி நேரம். "காலைல அஞ்சேகால். போகி அன்னைக்கு விடிகாலைல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஏங்க, அந்நேரத்துக்கு ஊர்ல புகையா இருக்குமே?"

நான் தூங்குவது போல் நடித்தேன்.

ஜனவரி 14, போகி

அவள் சொன்னதுதான் நடந்தது.

ஐந்து மணிக்கு விமானம் இறங்குவது போல் இறங்கி, வளைந்து, மறுபடி வளைந்தது. கீழே சென்னை இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குப் பஞ்சு. மார்கழிக் கடைசியில் காற்று அசையாது, குளிர்ந்த காற்று தரையோடு அமுங்கிக் கிடக்கும், அதில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பாயும் டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தினால் புகை போக வழியில்லை. புகைத்துகளைப் பிடித்துக்கொண்டு மூடுபனி இன்னும் கெட்டியாகும். 2018 போகியில் இப்படித்தான் எத்தனையோ விமானங்களைத் திருப்பி விட்டார்கள். அன்றைக்கு நான் வில்லிவாக்கத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, ஒரு விமானச் சத்தமும் இல்லையே, அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அதற்கு முந்தின மணி நேரத்தில் தெருமுனையில் பழைய பாய் இரண்டும், சைக்கிள் டயர் ஒன்றும் கொளுத்தியவனும் நான்தான்.

அரை மணி நேரம் சுற்றிவிட்டு பெங்களூரு போகிறோம் என்றார்கள்.

பெங்களூருவில் இறங்கி ஓரமாக நிறுத்தினார்கள். யாரும் இறங்கக் கூடாது, சென்னையில்தான் குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம். ஒருவர் எழுந்து, "எங்க வீடு ஓசூர் சார். இங்கேருந்து பஸ்சுல போயிடுவேன். என்னை மட்டும் இறக்கி விட்டுடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். பணிப்பெண்ணுக்கு ஓசூர் எங்கே இருக்கிறது என்று புரியவைக்கப் பின்வரிசையில் ஆறு பேர் சேர்ந்து முயன்றார்கள். பாவம், அவர் சென்னை வந்து, அங்கிருந்து தன் வீட்டைத் தாண்டிப் பறந்த அதே தூரத்தைப் பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் அரை டம்ளர் தண்ணீரும் வந்தது. குளிரில் தவித்த இடத்தில் தேநீர் கிடைத்தது, இங்கே வெயில் ஏற ஏற ஏசியும் சரியாக வரவில்லை.

தம்பி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து, "ஐயா, புகைக்கு அடிக்க ஏதும் தண்ணி இருக்கோ உங்கட ஊரில?" என்றார். கிண்டல்தான். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

காலை ஒன்பது ஐம்பதுக்கு மீனம்பாக்கத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. கை தட்டினார்கள். வெளியே வந்தால் ரப்பர் கருகிய நாற்றம், கண் எரிச்சல், ஆனால் உடம்புக்கு இதமான சூடு. இரண்டு ஸ்வெட்டரையும் வாசலிலேயே கழற்றினோம். தம்பியைக் கூட்டிப் போக அவர் அம்மாவே வந்திருந்தார், மகனைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டு நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே நகர்ந்தோம். அப்புறம் அவரே ஓடிவந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, போய்வாறன் அம்மா என்றார். ஒரு பெட்டி வந்தது, இன்னொன்று வரவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இருக்கிறதாம், எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வில்லிவாக்கத்துக்கு டாக்ஸி 780 ரூபாய். டிரைவர், "எங்கேருந்து சார் வர்றீங்க?" என்றார். சொன்னதும், "அங்கெல்லாம் பனி ஜாஸ்தியாமே சார்" என்றார். தெருவெல்லாம் சாம்பல் வட்டங்கள், பையன்கள் போகி மேளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் தனியாகவே வீட்டைத் துடைத்து, போளி தட்டி அடுக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "மாப்பிள்ளை, பனியில வந்திருக்கீங்க, தலையை நல்லா துவட்டுங்க."

எதைக் கொளுத்தினீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் கொளுத்தவில்லை, பழைய பாயைக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன், எனக்குப் புகை ஆகாது என்றார். நான் போளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

இன்று மதியம் இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜிப்பைத் திறந்ததும் அந்த வாசனை. கொஞ்சம் தீய்ந்த ஜீரா.

மகள் சம்பந்தி வீட்டுக்கென்று கொடுத்து அனுப்பிய மேப்பிள் சிரப், இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்று உடைந்து, என் பட்டுக்கரை வேட்டியிலும் மனைவியின் மயில்கழுத்துப் புடவையிலும் ஒரு இடம் விடாமல் பரவியிருந்தது. வேட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நல்ல சீரான கோட்டிங்.

"முதல்ல ஆரஞ்சு அடிச்சிருக்காங்க" என்றேன். மனைவி சிரிக்கவில்லை. அடுப்பில் வெந்நீர் போட்டிருக்கிறாள், நான் போய் பக்கெட்டை எடுத்து வைக்க வேண்டும்.